கார்பெட்டில் 1,600 வாட்டை 700 வாட் முந்தியது எப்படி?

வேக்வம் கிளீனர் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும். சென்னையிலிருந்து லண்டன் வந்து ஆறு மாதமாகிறது. வாடகை வீடு. படுக்கையறைகளிலும் மாடிப்படியிலும் கார்பெட், கூடத்தில் லேமினேட் (மரம்போலத் தெரியும் பலகைத் தரை), சமையலறையில் டைல்ஸ். பழைய 1,600 வாட் சிலிண்டர் வகை (உடம்பு தரையில் பின்னால் உருண்டுவர, ஹோஸின் முனையைத் தள்ளும் வகை) வேக்வம் கிளீனரை வைத்து வாரம் இரண்டு முறை சுத்தம் செய்கிறீர்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் 700 வாட் அப்ரைட்டை, அதாவது கைப்பிடியோடு நிமிர்ந்து நிற்கும் வகை வேக்வம் கிளீனரைக் கொடுத்து, "இதைப் போட்டுப் பாருங்கள்" என்றார். அன்று காலையில்தான் சுத்தம் செய்த அறை. அதிலிருந்து அரை டப்பா சாம்பல் நிறத் தூசியும் முடியும் வந்தது. வாட் பாதிதானே, எப்படி? அப்ரைட்டே வாங்கிவிடலாமா? தூசி சேரப் பை வைத்ததா, டப்பா வைத்ததா? தண்ணீர் விட்டுக் கழுவும் மெஷினும் வேண்டுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளத்தின் மேல் அதை ஓட்டலாமா?

இந்த மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. உங்கள் வீட்டில் நடந்ததை என் கடைக்கு வருகிறவர்களிடமும் அடிக்கடிக் கேட்டிருக்கிறேன். உங்கள் சிலிண்டர் மெஷினில் கோளாறு எதுவும் இருக்காது. கார்பெட்டுக்குத் தேவையான முதல் வேலையைச் செய்யும் உறுப்பு அதில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஓர் அடி தள்ளி நின்று ஊதினால் அணைந்துவிடும். அதே இடத்தில் நின்று காற்றை உள்ளே இழுத்து அணைக்க முயன்று பாருங்கள், சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று ஒரே திசையில் நேராகப் போகிறது. உறிஞ்சும்போதோ சுற்றிலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று வந்து சேர்கிறது. அதனால் குழாயின் வாயைவிட்டு, அந்த வாயின் விட்டம் அளவு தூரம் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். உறிஞ்சலுக்குக் கை நீளம் இல்லை. டைல்ஸில் தூசி மேலாகக் கிடக்கிறது, எனவே பிரச்சினை இல்லை. கார்பெட்டில் அப்படியில்லை.

கார்பெட்டின் ஓரத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். அடியில் ஒரு துணி, அதில் நட்டு வைத்ததுபோல நெருக்கமாக இழைகள். காலில் ஒட்டிவரும் நுண்மணல் அந்த இழைகளுக்கு இடையே இறங்கி அடித்துணிவரை போய்விடும். மேலே நடக்க நடக்க அது இன்னும் ஆழமாக இறங்கும். மணலுக்குக் கூர்முனை உண்டு. ஒவ்வொரு மிதியிலும் அது இழையின் அடியை அறுக்கிறது. நடைபாதைப் பகுதியில் கார்பெட் மங்கி மொட்டையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். முடியின் கதை வேறு. அது இழைகளைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். வெறும் காற்றை வைத்து மணலையும் எழுப்ப முடியாது, முடியையும் அவிழ்க்க முடியாது.

நம் வீடுகளில் பாயையும் மெத்தையையும் எப்படிச் சுத்தம் செய்தோம்? மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டு, குச்சியால் நாலு போடு போட்டோம். தூசி பறந்தது, காற்று அதைக் கொண்டுபோனது. முதலில் அடி, அப்புறம் காற்று. சுவரோடு சுவர் ஒட்டிப் போட்ட கார்பெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக முடியாது. அந்த அடியையும் காற்றையும் தரைக்கே கொண்டுவரும் மெஷின்தான் அப்ரைட். அதன் தலையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பிரஷ் உருளை தெரியும். நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றி, இழைகளைப் பிரித்து, தட்டி, அடியில் கிடப்பதை மேலே கிளப்பிவிடும். கிளம்பியதை உறிஞ்சலின் குட்டைக் கை பிடித்துக்கொள்ளும். உங்கள் அக்காவின் 700 வாட் ஜெயித்தது இப்படித்தான்.

இந்த இரண்டு வேலையும் ஒரே மெஷினுக்குள் சேர்ந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸெல், 1876-ல் ஒரு கார்பெட் பெருக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். தள்ளினால் சக்கரம் உருளும், சக்கரம் பிரஷைச் சுழற்றும். அதில் உறிஞ்சல் கிடையாது. 1901-ல் லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் உறிஞ்சும் இயந்திரத்தைச் செய்தார். குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாயை வீட்டுக்குள் விட வேண்டிய அளவுக்குப் பெரியது. அதில் சுழலும் பிரஷ் கிடையாது. இரண்டையும் சேர்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர், ஆஸ்துமா நோயாளி. பெருக்கும்போது கிளம்பும் தூசி அவருக்கு மூச்சடைப்பைக் கொண்டுவந்தது. மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பக் கைப்பிடி, தூசி பிடிக்கத் தலையணை உறை: இவற்றை வைத்து 1907-ல் ஒன்றைக் கட்டினார். அதே மோட்டார் விசிறியையும் பிரஷையும் சேர்த்துச் சுழற்றியது. 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் தோல் பொருட்கள் செய்துவந்த வில்லியம் ஹூவர். லண்டனில் நம் ஆட்களும்கூட "ஹூவர் பண்ணியாச்சா?" என்று கேட்பது அந்தப் பெயர்தான்.

ஸ்பாங்லரின் அமைப்பு இன்றைய அப்ரைட்டிலும் அப்படியே இருக்கிறது: கீழே பிரஷும் வாயும், கைப்பிடியை ஒட்டிப் பை, தள்ளுவதற்கு வசதியாக நிமிர்ந்த உடம்பு. 1926-ல் ஹூவர் நிறுவனம் உருளையில் பிரஷ் மயிரோடு உலோகப் பட்டைகளையும் பதித்தது. மயிர் பெருக்கும், பட்டை தட்டும். மாடியில் நாம் பிடித்த குச்சியின் வேலை அந்தப் பட்டைக்கு.

ஒரு அப்ரைட்டின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் அடிப்பக்கத்து ஓர் அங்குலம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உயரம். உருளை இழையின் நுனியை மட்டும் தொட்டால் வேலை நடக்காது. ரொம்ப ஆழமாக அமுங்கினால் உருளையின் வேகம் குறையும், பெல்ட் வழுக்கும், தள்ளவும் கஷ்டம். அதனால்தான் நல்ல மெஷின்களில் உயரத்தை மாற்ற ஒரு குமிழோ தானாகச் சரிசெய்துகொள்ளும் மிதக்கும் தலையோ இருக்கிறது. புது மாதிரியான அடர்ந்த, மென்மையான கார்பெட்டில் சில மெஷின்கள் அட்டைபோல ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். வாயின் ஓரங்கள் முழுக்க மூடிக்கொள்வதால் உள்ளே காற்று போக வழியில்லை. காற்று ஓடாவிட்டால் தூசியும் ஓடாது. தலையின் பக்கவாட்டில் ஒரு சின்ன திறப்பு வைத்திருந்தால், அது காற்றை வேண்டுமென்றே உள்ளே விடுவதற்காக. அதை டேப் போட்டு அடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

அடுத்தது முன் உதடு. தலையின் முன்பக்கம் தரையோடு ஒட்டி இறங்கியிருந்தால் காற்றின் வேகம் கூடும், நுண்தூசி நன்றாக வரும். ஆனால் கீழே சிந்திய அரிசியும் பொரியும் உள்ளே போகாமல் முன்னாலேயே தள்ளிக்கொண்டே போகும். உதட்டை உயர்த்தினால் அரிசி போகும், நுண்தூசியின் மேலான பிடி தளரும். இரண்டையும் ஒருசேரக் கொடுக்கப் படாத பாடு படுகிறார்கள். முன்பக்கம் திறந்து மூடும் கதவு, முன்னால் மென்மையான தடித்த உருளை என்று பல வழிகள் வந்திருக்கின்றன. கடையில் பார்க்கும்போது தலையைத் தூக்கி இந்த உதட்டைப் பாருங்கள். விற்பவர் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

பிரஷ் மயிர் உருளையின் மேல் நேர்க்கோட்டில் இருக்காது, திருகாணிபோலச் சுற்றிப் போகும். எல்லா மயிரும் ஒரே நேரத்தில் தரையில் அறைந்தால் சத்தமும் அதிர்வும் தாங்காது. சுற்றிப் போனால் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும். அதே திருகு, குப்பையையும் முடியையும் காற்று இழுக்கும் வாயை நோக்கி நகர்த்திக்கொண்டு போகும்.

முடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போன மாதம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மெஷின் வந்தது. "இழுக்கவே மாட்டேன்கிறது, கருகிய வாடை வருகிறது" என்றார்கள். உருளையைக் கழற்றினேன். பிரஷ் மயிரே தெரியவில்லை. நீண்ட கூந்தல் சுற்றிச் சுற்றி ஒரு கறுப்புத் துணி போர்த்தியதுபோல இருந்தது. நடுவில் பூக்கட்டின நார், சேலை ஜரிகை, கர்ட்டன் நூல். கத்தரிக்கோலை மயிர்வரிசையின் ஓரமாக விட்டு நீளவாக்கில் வெட்டினேன், தோல் உரிவதுபோல வந்தது. இரண்டு முனையிலும் பேரிங்கைச் சுற்றி முடி இறுகி, சூட்டில் பிளாஸ்டிக் மூடி உருகிப்போயிருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. புது உருளை, புது பெல்ட் போட்டதும் ஓடியது. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் செலவழித்து முடியை வெட்டி எடுத்திருந்தால் அந்தச் செலவும் இல்லை.

பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய, விலை குறைந்த மெஷின்களில் தட்டையான ரப்பர் பெல்ட் மோட்டார் தண்டிலிருந்து உருளைக்குப் போகும். அது நாளாக நாளாக நீண்டு தளரும். மெஷின் அதே சத்தம் போடும், வாயில் உறிஞ்சலும் இருக்கும், ஆனால் கார்பெட்டில் வைத்ததும் உருளை நின்றுவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் பாதி மெஷினை வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பல் வைத்த பெல்ட் நீளாது, வழுக்காது. ஆனால் உருளையில் ஏதாவது சிக்கினால் வழுக்கித் தப்பிக்க வழியில்லாததால், மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் ஏற்பாடும் அதனுடன் இருக்க வேண்டும். உருளைக்கென்று தனி மோட்டார் வைத்த மாதிரிகளும் உண்டு. வாங்குவதானால் பல் பெல்ட், அல்லது தனி மோட்டார். இதில் என் அபிப்பிராயம் உறுதியானது.

இன்னொன்று பலர் கவனிக்காதது. கைப்பிடியை நிமிர்த்தி நிறுத்தும்போது உருளை நிற்க வேண்டும், அல்லது தலை தரையைவிட்டு எழும்ப வேண்டும். நீங்கள் ஹோஸைக் கழற்றிச் சோபாவைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது, கீழே உருளை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் கார்பெட் தேய்ந்து தழும்பாகிவிடும். வாடகை வீட்டில் அது முன்பணத்தில் கைவைக்கும்.

சரி, வாட்டுக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் வாட், மெஷின் தின்னும் மின்சாரம். உறிஞ்சும் சக்தியைப் பார்க்க இரண்டு அளவு வேண்டும்: எவ்வளவு அழுத்தத்தில் இழுக்கிறது, எவ்வளவு காற்றை நகர்த்துகிறது. உள்ளங்கையால் குழாயை முழுக்க மூடினால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், காற்றோட்டம் பூஜ்ஜியம். கையை எடுத்துவிட்டால் காற்றோட்டம் உச்சம், அழுத்தம் ஏறக்குறைய இல்லை. வேலை நடப்பது இரண்டுக்கும் இடையில். விளம்பரத்தில் இரண்டு உச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது.

வாட் போட்டியை ஐரோப்பிய ஒன்றியமே கட்டுப்படுத்தியது. 2014 செப்டம்பரிலிருந்து 1,600 வாட்டுக்கு மேல் விற்கக் கூடாது, 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்தான் என்று விதி வந்தது. அன்று பிரிட்டனும் ஒன்றியத்தில் இருந்ததால் இங்கேயும் அதுதான். உங்கள் அக்காவின் மெஷின் 700 வாட்டாக இருப்பதும் இதனால்தான் இருக்கும். அந்த விதியோடு A, B என்று தரம் காட்டும் லேபிளும் வந்தது. 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த லேபிள் விதியை ரத்து செய்தது. வேக்வம் கிளீனர் செய்யும் டைசன் நிறுவனம் தொடுத்த வழக்கு அது. மின்சார அளவைச் சோதிக்கும்போது பையும் டப்பாவும் காலியாக இருந்தன, வீட்டில் அப்படி யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் வாதம். நியாயமான வாதம். பழைய பெட்டிகளில் அந்த லேபிள் இன்னும் ஒட்டியிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள்.

பையா டப்பாவா என்ற கேள்வியும் இங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. பை என்பது ஃபில்டர். காற்று அதன் முழுப் பரப்பிலும் கசிந்து வெளியேறுகிறது. பரப்பு பெரிதாக இருந்தால் தடை குறைவு. ஸ்பாங்லரின் தலையணை உறை அந்த வகையில் நல்ல தேர்வு. நுண்தூசி படியப் படியத் துளைகள் அடைந்து உறிஞ்சல் குறையும். பழைய காகிதப் பையில் இது சீக்கிரம் நடக்கும், இப்போதைய நெய்யாத செயற்கை இழைப் பையில் மெதுவாக நடக்கும். அந்த டைசன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டைசன் இந்த அடைப்பால் வெறுத்துப்போய், மர அறுவை ஆலைகளில் தூசியைப் பிரிக்கும் கூம்பு அமைப்பைச் சிறிதாக்கினார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்ததாகச் சொல்கிறார். 1993-ல் வந்த அவருடைய டிசி01 என்ற மாதிரி, ஓர் அப்ரைட். காற்று கூம்புக்குள் சுழலும்போது தூசி வெளிச்சுவரில் அடித்துக் கீழே விழுந்துவிடும். சுழலும் வட்டம் சிறிதாக ஆக ஆகத் தூசியை வெளியே தள்ளும் விசை கூடும். அதனால்தான் புது மாதிரிகளில் ஒரு பெரிய கூம்புக்குப் பதிலாகக் குட்டிக் குட்டியாக ஒரு கொத்து கூம்புகள்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ இருந்தால் நான் பையைத்தான் சொல்வேன். டப்பாவைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கும்போது எழும் புகைமூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிடித்ததில் ஒரு பங்கு முகத்துக்கே திரும்பி வருகிறது. பையை வாயை மூடி அப்படியே எறியலாம். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் காற்று அந்த ஃபில்டர் வழியாகத்தான் வெளியே போகிறதா, மூடியின் இடுக்கு வழியாகப் போகிறதா என்று பாருங்கள். மூடியைச் சுற்றி ரப்பர் கேஸ்கட் இருக்க வேண்டும்.

செகண்ட்ஹேண்டில் வாங்கினால் இன்னொரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய அப்ரைட்டுகளில் குப்பை முதலில் விசிறிக்குள் புகுந்து, அப்புறம் பைக்குப் போகும். பாதை குட்டை, காற்றோட்டம் அபாரம், கார்பெட்டில் இன்றைக்கும் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் ஒரு சில்லறைக் காசோ திருகாணியோ போனால் விசிறி இதழில் டங்கென்று அடிக்கும். இதழ் உடைந்தால் சமநிலை போய், மெஷின் முழுக்க நடுங்கும். புதிய வகைகளில் குப்பை முதலில் பையிலோ டப்பாவிலோ நின்றுவிடும், சுத்தமான காற்றுதான் விசிறிக்குப் போகும். அங்கே அடைப்பு வருவது தலைக்கும் உடம்புக்கும் நடுவே மடங்கும் குட்டைக் குழாயில். உறிஞ்சல் திடீரென்று போய்விட்டால் முதலில் அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பாதிப் பழுது அங்கேயே தீரும்.

லேமினேட்டிலும் டைல்ஸிலும் உருளையை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். நிறுத்த வழியில்லாத மெஷினில் கெட்டியான மயிர், மணலைப் பிடிப்பதற்கு முன் பின்னால் சிதறடிக்கும், தரையிலும் கீறல் விழும். உங்கள் வீட்டில் இரண்டு வகைத் தரையும் இருப்பதால், உருளைக்குத் தனி சுவிட்ச் இல்லாத எதையும் வாங்க வேண்டாம். மாடிப்படிக்கு உங்கள் சிலிண்டரே வசதி, அதைத் தூக்கி எறியாதீர்கள்.

தண்ணீர் மெஷின் இரண்டு வகை. ஈர உருளை சுற்றி, ஒரு பட்டை அதை வழித்து, அழுக்குத் தண்ணீரைத் தனித் தொட்டியில் சேர்க்கும் வகை கெட்டித் தரைக்கு. லேமினேட்டின் இணைப்புகளில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், ஆகவே ஈரத்தைக் குறைத்து ஓட்டுங்கள். உருளையைக் கழுவிக் காயவைக்காவிட்டால் மூன்றாம் நாள் நாற்றம் எடுக்கும்.

மற்றது கார்பெட் வாஷர். வெந்நீரும் திரவமும் பீய்ச்சி, பிரஷ் தேய்த்து, உடனே உறிஞ்சும். காற்றும் தண்ணீரும் கலந்து அழுக்குத் தொட்டிக்குள் வரும்போது, தொட்டியின் அகலத்தால் காற்றின் வேகம் சட்டென்று குறையும், தண்ணீர் கீழே விழும், காற்று மட்டும் விசிறிக்குப் போகும். தொட்டி நிரம்பினால் ஒரு மிதவை மேலெழுந்து வழியை அடைக்கும். மிதவையை நுரை ஏமாற்றிவிடும். துணிக்குப் போடும் சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றி, நுரை விசிறிவரை ஏறி, பேரிங் துருப்பிடித்து வந்த மெஷினைப் பழுது பார்த்திருக்கிறேன். அதற்கென்று உள்ள நுரை குறைந்த திரவத்தை மட்டும் ஊற்றுங்கள், அளவும் குறைவாக. மிச்சமாகும் சோப்பு பிசுபிசுத்துப் புதுத் தூசியை ஒட்டவைக்கும். ஒருமுறை தண்ணீர் விட்டு இழுத்தால், தண்ணீர் விடாமல் இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். அடித்துணிவரை நனைந்துவிட்டால், காயும்போது ஈரம் இழை வழியாக மேலே ஏறி, போன கறையையும் கூடவே ஏற்றிக்கொண்டு வரும். கழுவும் முன்னால் உலர்ந்த கார்பெட்டை அப்ரைட்டால் நன்றாக இழுத்துவிடுங்கள். மணலில் தண்ணீர் ஊற்றினால் சேறுதான் மிஞ்சும். உங்களுக்கு வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது என்பதால், வாங்காமல் வாடகைக்கு எடுங்கள்.

பவானி ஜமக்காளத்துக்கு அப்ரைட் வேண்டாம். அது தட்டையாக நெய்தது, நட்ட இழைகள் கிடையாது. ஆழத்தில் மணல் தங்க இடமில்லாததால் உருளைக்கு அங்கே வேலையில்லை. ஓரத்துக் குஞ்சம் உருளையில் சிக்கினால் ஒரு சுற்றில் நெசவையே இழுத்துவிடும். இதே காரணத்துக்காக முடிச்சுக் கம்பளங்களின் குஞ்சத்துப் பக்கமும், வளையம் வளையமாக இழை விட்ட கார்பெட்டிலும் உருளையை நிறுத்திவிட வேண்டும். ஜமக்காளத்தைத் தோட்டத்துக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் குச்சியால் தட்டுங்கள். மழை நாளென்றால் ஹோஸின் வெறும் முனையை வைத்து, நெசவு போகும் திசையிலேயே மெதுவாக இழுத்தால் போதும்.